கறுப்புக்குள் ஒரு பொன்பொட்டு

கருங்கடலின் மத்தியான வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து, கோந்து கரைத்த தண்ணீர்த் தட்டின்மேல் அசையாமல் கிடக்கிறது. அதில் மிதந்த புகைக்கரி வண்ணத்தைத் தாளில் ஒற்றி எடுத்த துர்முஷ், முகம் செத்து நிற்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்த மனிதர். அவர் நெஞ்சின் கீச்சொலிதான் எங்கள் ஓவிய வகுப்புக்குக் கடிகாரம். தாள் முழுக்கக் கறுப்பு அலைகள். நடுவில், காற்றுக்குமிழி மாட்டிய இடத்தில், காசளவு வெள்ளை.

"போச்சு" என்று கசக்கப் போகிறார்.

"குடுங்க பெரியப்பா!" மகள் வயதுள்ள எங்கள் டீச்சர் செதெஃப் பிடுங்கிக்கொள்கிறாள். "அந்தக் காலத்துல கிழிச்சுப் போடுவாங்க. நாம தங்கம் வைப்போம்."

வெள்ளையில் பசை தடவிக் காயவிடுகிறாள். "இப்ப அதுமேல ஹான்னு மூச்சு விடுங்க. ஈரம் பட்டாத்தான் பிடிக்கும்."

"என் மூச்சா?"

"டாக்டர் குடுத்த குழாயில ஊதி ஒரு பந்தைத் தூக்க முடியல, தங்கம் வேறயா!" என்கிறாள் அவர் மனைவி ஹஜெர். எல்லோரும் சிரிக்கிறோம்.

அவர் குனிகிறார். நெஞ்சு கரகரக்க, அடியிலிருந்து ஒரு மூச்சு வருகிறது. செதெஃப் தூரிகை நுனியில் ஏந்திய பொன் இதழ், தாளைத் தொடுமுன்பே நடுங்கி, தானாகத் தாவி ஒட்டிக்கொள்கிறது. சிரித்த வாய்கள் திறந்தபடியே இருக்கின்றன.

துர்முஷ் தாளைக் கைநீட்டிப் பிடித்துப் பார்க்கிறார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு ஏறி வரப்ப, சுரங்க வாசல் இப்படித்தான் தெரியும்."

"இவ்வளவுதானா?" ஹஜெரின் விரல் பொன்னைத் தொடாமல் அதன்மேல் நிற்கிறது.

"இவ்வளவுதான். அதுக்குள்ளதான் நீ நின்னுட்டிருப்பே."