ஆறாவது வட்டம்

“வேற வட்டமே இல்லீங்களாண்ணா?” என்று திரைக்கு அருகே குனிந்து கேட்டாள் அந்தப் பெண்.

குணசீலனுக்குக் கண் எரிந்தது. மல்லசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்த நாளிலிருந்து எத்தனையோ விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டியவர்தான். இப்படியொரு படிவத்தை அவர் பார்த்ததில்லை.

மறுமணத்துக்கு வரன் தேடுகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் ஒரே மண்டபத்தில் கூட்டி அறிமுகம் செய்கிறார்களாம். பதிய இன்று மாலையோடு கடைசி. நேரில் போனால் சேர்க்க மாட்டார்கள், இணையத்தில்தான் பதிய வேண்டும்.

முதல் கேள்வி, ‘யாருக்காகப் பதிவு செய்கிறீர்கள்?’ கீழே எனக்காக, மகனுக்காக, மகளுக்காக, சகோதரருக்காக, சகோதரிக்காக என்று ஒரே வரியில் ஐந்து வார்த்தைகள், நடுநடுவே கடுகு மாதிரி ஐந்து வட்டங்கள். எந்த வட்டம் எந்த வார்த்தைக்குச் சொந்தம் என்று அதைச் செய்த புண்ணியவானுக்காவது தெரியுமோ என்னவோ. வார்த்தையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. மௌஸை வட்டத்தின் நட்டநடுவில் நிறுத்தி அழுத்தினால்தான் புள்ளி விழும்.

“அஞ்சுதான் சாமி இருக்குது. உம் பேரென்ன?”

“யுவஸ்ரீங்க. ஊட்டுல போன்லயே போட்டுப் பாத்தேனுங்க. ஒண்ணைத் தொட்டா பக்கத்துல இருக்கறதுல உழுகுது. ஒருக்கா உழுந்துட்டா எடுக்கவும் முடியறதில்ல.”

“செரி, ‘எனக்காக’ன்னு வெச்சர்றேன்.”

“அதைய வெக்காதீங்கண்ணா.”

அவருக்குப் புரிந்தது. எனக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று எந்தப் பெண் தன் வாயால் சொல்லுவாள்? வாசல் பெஞ்சில், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நிமிராமல் உட்கார்ந்திருந்தாள் யுவஸ்ரீயின் அம்மா.

“அம்மாதான் வந்திருக்காங்களே. ‘மகளுக்காக’ன்னு இருக்கட்டும்.”

“இல்லாததுக்கு என்னங்கண்ணா பண்றது. வைங்க,” என்றாள் யுவஸ்ரீ.

அடுத்த கேள்வியில் ‘விவாகரத்து ஆனவர்’ என்று அதுவாகவே புள்ளி வைத்திருந்தது. கேட்காமலே பதில் சொல்லுகிற படிவம்.

“அது இல்லீங்கண்ணா. லாரிக்குப் போன எடத்துல தவறிட்டாருங்க. நாக்பூர்ப் பக்கம்.”

குணசீலனின் கை மௌஸிலேயே நின்றது. இருபத்து மூன்று வயது இருக்குமா இந்தப் பிள்ளைக்கு? அவருடைய மகள் வயது. நெற்றியில் சின்னதாக ஒரு கருப்புப் பொட்டு வைத்திருந்தாள். அதையாவது விடாமல் வைத்திருக்கிறதே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

“நல்லபடியா அமையும் சாமி. மனசத் தளர உடாத.”

“அமைஞ்சே ஆகோணுங்கண்ணா. ஆவணிக்கு மேல ஊட்டுல தொணைக்கு ஆளில்லாமப் போயிரும்.”

அடுத்தது கூட்டம், அதாவது எந்தக் குலம் என்ற கேள்வி. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை, அதனால் இதில் தவறினால் எல்லாமே தவறிவிடும். திரை முழுக்கக் கூட்டங்களின் பெயர்கள், அத்தனைக்கும் அதே கடுகு வட்டம்.

“எங்களுது செல்லன் கூட்டமுங்க,” என்றாள். அவர் தேடிப் பிடித்துப் புள்ளி வைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, மறந்து சொல்லிப்போட்டேனுங்க. விழியன் வைங்கண்ணா.”

“புருசன் ஊட்டுக் கூட்டத்தை இங்க கேக்கலீங் கண்ணு. பொறந்த கூட்டந்தான் வேணும்.”

“தெரியுமுங்க. பொறந்த கூட்டம் விழியன்தானுங்க.”

மாற்றினார். மேலே வைத்திருந்த புள்ளிகள் எல்லாம் மொத்தமாக அழிந்தன. ‘ஒன்றைத் தேர்வு செய்யவும்’ என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. எதை என்று அது சொல்லவில்லை.

மறுபடி முதலிலிருந்து. கீபோர்டில் போகலாம் என்று பார்த்தால், அது வட்டங்களைத் தாண்டிக் குதித்து அடியில் போய் நின்றது. மறுபடி மௌஸ். பாதியில் ‘நேரம் முடிந்தது’ என்று திரை வெளுத்துவிட்டது. இன்னொரு தடவை முதலிலிருந்து. வெயில் வாசலை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளைக்காக இல்லாவிட்டால் எப்போதோ கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பார்.

“உங்களுக்கு ரொம்பச் சிரமமுங்கண்ணா.”

“எனக்கென்ன சாமி சிரமம். உம் பொழப்பு நல்லா இருந்தாச் செரி.”

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரையில் பச்சையாக ஒரு பட்டை ஓடி, முதல் பக்கம் ஒருவழியாக முடிந்தது. பெயர், வயது எல்லாம் அடுத்த பக்கத்தில்தான். அது திறக்கப் புகைப்படம் ஏற்ற வேண்டும்.

குணசீலன் எழுந்து வெள்ளைத் துணியைச் சுவரில் இறக்கிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, விளக்கைப் போட்டு, கேமராவைத் துடைத்துக்கொண்டார்.

“வா சாமி, வந்து உக்காரு. சித்த சிரிச்ச மொகமா இரு.”

யுவஸ்ரீ உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெஞ்சுக்கு முன்னால் குனிந்து, அந்த முந்தானையை மெல்லத் தலையிலிருந்து விலக்கினாள்.

“இதைய வெச்சுட்டு உள்ளார வாம்மா, போட்டோ உனக்குத்தான்.”