சுரண்டிய பெயர்

"என் பேரை மைக்கில ஒரு தடவை சொன்னா உன் வாய் தேஞ்சா போயிடும், யெசித்?"

பாரங்கியா நகரத் தெரு நடனங்களுக்குப் பாட்டுப் போடும் யெசித், இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்ட ரொமுவால்தோ பெரிய இசைக்குழு ஒன்றில் பேஸ் கிடார் வாசித்தவர். தனியாகப் பாடி வெளியிட்டது அந்த ஒரே தட்டுதான். அதன் லேபிளை யெசித் சுரண்டி எடுத்திருந்தான்.

"போட்டிக்காரனுக்குத் தட்டு எதுன்னு தெரியக் கூடாதுல்ல அண்ணே? நம்ம ஊர்ல பாட்டுப் போடுற எல்லாரும் சுரண்டுறதுதானே!"

"அந்தப் போட்டிக்காரன் செத்தே பத்து வருஷமாச்சுடா! இன்னும் யாருக்கு ஒளிக்கிற?"

யெசித் தட்டைக் கீழே வைத்தான்.

"முதல்ல உங்க பேரைச் சொல்லித்தான் போட்டேன் அண்ணே. 'குழுவுல பின்னாடி நிக்கிறவனா? அவனுக்கு எதுக்குப் பாட்டு?'ன்னு எல்லாரும் பீரோட உட்கார்ந்துட்டாங்க. மறுநாளே சுரண்டினேன். அடுத்த வாரம் அதே ஆளுங்க, அதே பாட்டு. விடிய விடிய ஆடினாங்க. இன்னிவரைக்கும் ஆடுறாங்க. இந்தாங்க மைக், நீங்களே சொல்லுங்க."

ரொமுவால்தோ மைக்கை வாங்கினார். தெருவில் ஜோடிகள் காத்து நின்றன.

"அடுத்து..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு எரிச்சலோடு சொன்னார்:

"அடுத்து, யார் பாடினதுன்னே தெரியாத பாட்டு!"

தெருவே ஆர்ப்பரித்தது.