வாசலை மறித்த வேன்

"தள்ளுங்கப்பா, வேகமா!" என்று வேனின் பின்னால் தோள் கொடுக்கிறார், ஊர் ஊராக மாறி மாறி ஓடும் தொடரோட்ட அணியின் கேப்டன். யாரோ ஒருவர் வீட்டு வாசலை மறித்து வேன் மக்கர் செய்கிறது. ஓட்டம் கடந்துபோகிற ஊர்களில் யாருக்காவது இடைஞ்சல் என்று ஒரு புகார் வந்தால் போதும், அணியையே விலக்கிவிடுவார்கள். இரவெல்லாம் ஓடியது விழலுக்கு இறைத்த நீர். திறந்து கிடக்கும் கேட்டுக்கு உள்ளே, சாய்ந்த காலை வெயிலில் மினுங்கும் பழைய காரில் உட்கார்ந்து ஒரு பெரியவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவர் மனைவி ஓடி வருகிறார். "மன்னிச்சுக்குங்கம்மா, இதோ எடுத்துடறோம்." "ஐயோ, எடுத்துடாதீங்க தம்பி!" சொன்னதோடு நில்லாமல், ஒரு செங்கல்லைத் தூக்கி வேனின் டயருக்கு முட்டுக் கொடுக்கிறார் அந்த அம்மாள். கேப்டன் திருதிருவென்று விழிக்கிறார். ஹாரன் காதைப் பிளக்கிறது. "ஐயா கோவமா இருக்காரேம்மா... புகார் பண்ணிட்டா எங்க கதி?" "உங்க மேல என்ன கோவம்? டாக்டர் இவரை வண்டியே ஓட்டக் கூடாதுன்னுட்டார், இந்த மனுஷன் கேட்டாத்தானே!" அம்மாள் குரலைத் தாழ்த்துகிறார். "உங்க வேனைத்தான் தம்பி, மூடின கேட்டுன்னு நெனச்சு, திறக்கச் சொல்லி அடிக்கிறார்."