பருப்புக் கிண்ணம்

“அண்ணி, தன் பெரிய பையன் கல்யாணத்துலயே சாப்பாடு சரியில்லன்னு பாதியில எழுந்து போனவங்க அந்தச் சம்பந்தியம்மா. அவங்களுக்குப் போய்ப் பருப்பும் சோறுமா?”

உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே நாத்தனார் இதைக் காலையிலிருந்து எத்தனையாவது தடவை சொல்கிறாளோ, அவளுக்கே தெரியாது. தையல்காரம்மா காதில் விழாத மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். மகளின் கல்யாண வரவேற்புக்கு வீட்டிலேயே சமைத்துவிடுவது என்று தையல்காரம்மா முடிவு பண்ணியிருந்தாள். சூப், சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், பழம். அவ்வளவுதான். சமையல் காண்ட்ராக்டரிடம் விட்டால் முன்னறையில் இருக்கும் இரண்டு தையல் மெஷினையும் விற்றாக வேண்டும். புருஷன் போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மெஷின்களால்தான்.

நாத்தனாருக்கோ கௌரவம் பெரிது. எங்கண்ணன் இருந்திருந்தால் இப்படி விடுவானா என்று மூக்கைச் சிந்தினாள். பேசிப் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டு இதே சாப்பாட்டைப் போடுவது. அந்தம்மா ஒரே ஒரு குறை சொன்னாலும் போதும், மெஷினை விற்றுவிட்டுக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுவிட வேண்டும். தையல்காரம்மா வீறாப்பாகச் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

அதனால் இன்று அடுப்படியில் ஏக கெடுபிடி. காரம், உப்பு, புளிப்பு எதிலும் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, எல்லாம் கடைசியில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். விருந்தாளி வாய் வைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கிற பழக்கமும் அந்த வீட்டில் கிடையாது. மகளை முன்னறைக்குத் துரத்தி, துணி வெட்டும் மேஜையைத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையாக்கச் சொன்னாள்.

சூப்பை முடித்து வறுவலை இறக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நிற்கிறார்கள். கட்டியிருந்த சேலையெல்லாம் மஞ்சள் கறை. அதை மாற்ற அவள் உள்ளே ஓட, நாத்தனாரும் மகளும் கிண்ணங்களை எடுத்துப்போய் மேஜையில் வைத்தார்கள்.

அந்தம்மா உட்கார்ந்ததும் மேஜை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில், துணியில் கோடு போடும் சாக்கட்டித் தூள். ஒன்றும் சொல்லாமல் தட்டிவிட்டுக்கொண்டாள். சேலை மாற்றிக்கொண்டு வந்த தையல்காரம்மா அவசரமாகச் சூப்பைப் பரிமாறினாள்.

சூப் இறங்கியது. நல்லதாகவும் ஒரு வார்த்தை இல்லை, கெட்டதாகவும் இல்லை. அடுத்து அந்தம்மா சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கை அப்படியே நின்றது. நிமிர்ந்து தையல்காரம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்று தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள்.

பக்கத்தில் அந்தம்மாவின் வீட்டுக்காரர் பருப்புக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். அவள் வெடுக்கென்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இது எனக்கு. நீங்க வறுவலச் சாப்பிடுங்க.”

மனுஷன் அசடு வழியச் சிரித்துவிட்டு வறுவலை எடுத்துக்கொண்டார். அவள் தலை நிமிராமல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டுமா என்று கல்யாணப் பெண் கரண்டியோடு வந்தபோது, தன் தட்டை மட்டுமல்ல, புருஷன் தட்டையும் சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டாள்.

நாத்தனார் தையல்காரம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“கட்டின புருஷனுக்கே ஒரு வாய் விடல. இவங்ககிட்ட நம்ம பொண்ணு என்ன பாடு படப்போறாளோ.”

மெஷின் போனால் போகட்டும். இப்படிப்பட்ட வீட்டுக்கா மகளை அனுப்பப் போகிறோம் என்று நினைத்தபோது தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கியது.

கை கழுவிவிட்டு வந்த அந்தம்மாவை நாத்தனார் விடவில்லை. சாப்பாட்டில் ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் சொல்லச் சொன்னாள், அதுவும் இரண்டு தடவை. தையல்காரம்மா மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

“குறையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. இதுவே போதும். அன்னைக்கும் இதையே போட்டுடுங்க.”

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. தையல்காரம்மாவால் நம்பவே முடியவில்லை. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளா இவள்? இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று உள்ளுக்குள் உறுத்தியது.

உறுத்தியது சரியாகத்தான் போயிற்று. வழியனுப்ப மாடிப்படி வரை போனவளின் கையை அந்தம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புருஷனை முன்னால் இறங்கச் சொன்னாள். நாத்தனார் பின்னால் வருகிறாளா என்று எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டில் விட்டதை நகையில் பிடிக்கப் போகிறாள் என்று தையல்காரம்மா மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க சம்பந்தி.”

அந்தம்மா காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

“உங்க நாத்தனார் சாப்பிட உக்கார்றதுக்குள்ள, ஓடிப்போய் அந்தப் பருப்புல உப்பைப் போடுங்க.”