ஏரிக்கரையில் ஓர் இடம்

சாப்பாட்டு மேசையில்தான் என் கணவர் லப்டொப்பை விரிக்கிறார். சன்னல் வெயில் மீன்குழம்பின் எண்ணெயில் மின்னுகிறது. திரையில் ஸ்கொட்லாந்து ஏரி நீலமாய்க் கிடக்கிறது. லீவுக்குக் கரவனை, காரில் இழுத்துப்போகும் வீட்டுவண்டியை, நிறுத்த இடம் தேடுகிறோம். எனக்கு ஏரிக்கரைதான் வேண்டும். கரவனின் உட்புறப் படத்தைக் காட்டுகிறார். அடுப்புக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் கக்கூஸ். "குசினிக்குள்ளயோ?" என்கிறேன். "ஓமப்பா. கீழ ஒரு பெட்டி இருக்கு. நிறைஞ்சால் நாங்கள்தான் தூக்கிக்கொண்டுபோய் ஊத்தவேணும்." என் கை சோற்றிலேயே நின்றுவிடுகிறது. சீ! இவரோ மீன்முள்ளை உறிஞ்சியபடி, திரும்ப ஏரிப் படத்தைக் கொண்டுவந்து, ஏரிக்கு வெகு தள்ளி வேலியோரம் இருக்கும் கொங்கிறீற் குழியொன்றைத் திரையில் தொடுகிறார். குழம்பு அதில் அப்பிக்கொள்கிறது. "ஊத்துற இடம் இதுதான். இதுக்குப் பக்கத்திலயே புக் பண்ணிட்டன். தூக்கிற வேலை மிச்சம்."