வந்து கேக்கட்டும்

கடைக்காரர் இரண்டு சப்வூஃபர்களையும் ஹாலின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டும் பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் அதிர அதிரக் கொடுக்கும் கறுப்புப் பெட்டிகள். உருவத்தில் வாஷிங் மெஷினுக்குத் தங்கச்சி. விலையில் அக்கா.

ஒன்று முழுக்க மூடிய பெட்டி. மற்றதற்கு முதுகில் ஒரு துளை. அந்தத் துளை நல்லதா கெட்டதா என்று என் கணவர் ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் டாக்டராகியிருப்பார்.

வீட்டிலேயே போட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

எனக்குப் பயம் சத்தத்தைப் பற்றி இல்லை. சுவரைப் பற்றி.

ஹாலின் வலது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தான் வீடு. அத்தான் என்றால் இவரின் கூடப்பிறந்த அண்ணன். பக்கத்திலேயே இருக்கலாம் என்றுதான் அடுத்தடுத்த வீடாகத் தேடி வாங்கினார்கள். இப்போது மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. லிஃப்டில் சேர்ந்து மாட்டிக்கொண்டால் இருவரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

அத்தானின் மனைவியும் நானும் மட்டும் பால்கனியில் துணி காயப்போடும் சாக்கில் பேசிக்கொள்வோம். நாம் இரண்டு பேரும் வாயைக் கொடுக்காமல் இருந்தால் என்றைக்காவது சரியாகிவிடும் என்பார் அக்கா. சரியாகாவிட்டாலும் போகிறது, இதற்கு மேல் கெடாமல் இருந்தால் போதும் என்று நான் இருந்தேன்.

முதலில் மூடிய பெட்டி. கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டார். பாஸ் என்கிற அந்த அடிச்சத்தம் வந்தது, சொல்ல வேண்டியதைச் சொன்னது, போய்விட்டது. ஒன்றும் தெரியாத எனக்கே அது நல்ல சாமான் என்று தெரிந்தது.

"இது பக்கத்து வீட்டுக்குக் கேக்குமா?" என்றார் இவர்.

"அவ்வளவா கேக்காது சார். இந்தப் பெட்டியோட அருமையே அதுதான்."

எனக்கு மனசு குளிர்ந்தது. கோபம் எவ்வளவு இருந்தாலும் மனுஷனுக்கு நியாயம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது துளை வைத்த பெட்டி. அதே பாட்டு. இந்த முறை பாஸ் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஷோகேஸ் கண்ணாடி நடுங்கியது. என் வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுப்பது போல இருந்தது.

இவர் பாட்டைக் கவனிக்கவே இல்லை. எழுந்து போய் வலது பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் பதறிப்போய், பெட்டியை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். ஒட்டி வைத்தால் இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம்தான் அதிகம் கேட்குமாம்.

இவர் குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோடு ஒட்டி வைத்தார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"இதையே எடுத்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதப் படிப்பும் இதற்குத்தானா?

"ஏங்க, அத்தான் மத்தியானம் கொஞ்சம் கண்ணசர்ற நேரம். எதுக்கு வலியப்போய் வம்பு?"

"வந்து கேக்கட்டும்," என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொல்லும் வார்த்தை. அக்காவும் நானும் பால்கனியில் கட்டிக்காத்ததெல்லாம் இன்றோடு போச்சு என்று நினைத்தேன்.

காலிங்பெல் அடித்தது. எடுத்த விரலை உடனே மறுபடி வைத்தது போல விடாமல் அடித்தது.

கடைக்காரர் கையிலிருந்த ஒயரோடு மூடிய பெட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். இவரே போய்க் கதவைத் திறந்தார்.

அத்தான் நின்றிருந்தார். தூக்கம் கலைந்த கண், கலைந்த தலை.

"யாரைக் கேட்டுடா இவ்வளவு சத்தம்?"

"உங்களைக் கேட்டிருக்கணும்ணே."

அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. வந்த வேகத்தில் உள்ளேயே வந்துவிட்டார். என்ன பெட்டி இது? யார் சொல்லி வாங்கினாய்? பக்கத்தில் மனுஷர்கள் குடியிருக்க வேண்டாமா? உனக்கெல்லாம் எப்போதுதான் புத்தி வரும்?

இவர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்வியைக்கூட விடவில்லை. "வரும்ணே" என்றார்.

திட்டு வாங்குகிற ஆளின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அத்தனை சந்தோஷம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது, ஏன் விட்டாய் என்று அத்தான் ஒரு கேள்வி கேட்டார். அதைக் கேட்க நீங்கள் யார் என்று இவர் சொல்லிவிட்டார். சண்டை அவ்வளவுதான். அன்றோடு அத்தான் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். போன வருடம் இவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனார்.

கடைக்காரர் மெதுவாகக் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

வீடு சட்டென்று அடங்கிவிட்டது. அத்தானிடம் கேள்விகள் தீர்ந்துவிட்டன. வாசலைத் திரும்பிப் பார்த்தார். போகவில்லை. இவரின் சட்டைப் பட்டன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சு இப்ப எப்படிடா இருக்கு?"

அதுவரை டக்டக்கென்று பதில் சொன்ன மனுஷன் குனிந்து பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கப் போய்விட்டார். பதிலை நான்தான் சொன்னேன்.