அரைச் சுற்று

தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் நிற்கும் ஆட்டோவின் லீவரைப் பெரியதம்பி மறுபடி இழுக்கிறான். இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து அவனே பிரித்துப் பூட்டிய எஞ்சின் இருமி இருமி அணைகிறது. நீலப்புகை தூறலில் மேலெழ முடியாமல் தேயிலைச் செடிகளின் மேல் படுத்துக்கிடக்கிறது. "ஹட்டனுக்கு, ஒங்க அண்ணன் கராஜுக்கே கொண்டு போயிருக்கலாம்ங்க," என்கிறாள் அவன் மனைவி பூரணி. "அப்பா சாவுக்கு வராதவன் கை இதுல படக்கூடாது." கீழே ரோட்டில் ஹட்டன் பஸ்ஸுக்குக் குடையோடு போகிற அந்த அண்ணன் நல்லமுத்து, சத்தம் கேட்டு நிற்கிறான். தலையைச் சாய்க்கிறான். கார்பரேட்டர் திருகாணியைத் திருப்புவதுபோல, அவனையறியாமல் அவன் வலது கை காற்றில் அரைச் சுற்று சுற்றுகிறது. பிறகு அந்தக் கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடக்கிறான். பூரணி பார்க்கிறாள். பெரியதம்பியும் பார்த்துவிட்டான். மடியில் கிடக்கும் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துச் சாக்கின் மேல் வீசிவிட்டு, அவன் மறுபடி லீவரை இழுக்கிறான்.